இன்னுமொரு துண்டு

தீபாவளி முடிந்த சில வாரங்களில் நத்தார் வந்துவிடும். அதன் பின்னாலேயே ஆங்கிலப் புத்தாண்டு. தை பிறந்தால் பொங்கல். கொழும்பில் முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எனக்கு இவற்றிற்கிடையே இடைவெளி இருப்பதாகவே தோன்றுவதில்லை. ஒருவர் கொண்டுவந்த முறுக்கும் பயற்றம் பணியாரமும் தீருமுன் இன்னொருவர் வண்ணத்தாளில் சுற்றிய கேக் துண்டுகளை நீட்டுவார். பல சமயத்தவர் கூடிப் பணிபுரியும் இடத்தில் எவரது பண்டிகையும் எல்லோரது பண்டிகையே. அது நாம் பெற்ற பேறு. ஆனால், அதற்குரிய விலையை உடல் செலுத்துகிறது.

பண்டிகைக்கால எடை பற்றி அமெரிக்காவில் 195 பேரை வைத்து மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அவர்களது எடை சராசரியாக 0.37 கிலோ மட்டுமே கூடியது. இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். கவலைக்குரியது அந்த அளவன்று. கூடிய எடை பின்னர் குறையவில்லை என்பதே. ஆண்டுதோறும் அவ்வாறே சேர்ந்தால் பத்தாண்டுகளில் ஏறத்தாழ நான்கு கிலோ ஆகும்.

நமது பண்டிகைகளில் பலகாரத்தை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஐந்து வீடுகளுக்குச் சென்று, வீட்டுக்கொரு தேநீர், தேநீருக்கு இரு கரண்டி சீனி என்று வைத்துக்கொள்வோம். கரண்டிக்கு 5 கிராம் வீதம் 50 கிராம் ஆகிறது. 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ள நாளாந்த உச்சவரம்பு அதுவே. அரியதரத்தைத் தொடுமுன்னரே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது.

இவையெல்லாம் அறிந்தும் மறுக்க முடியாதிருப்பதற்குக் காரணம் நாவின் ருசி மட்டுமன்று. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் வடக்கில் வாழ்ந்தோருக்குச் சீனி அரும்பொருள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்திய தலைமுறை எங்களுடையது. தட்டு நிறையக் கொடுப்பது எங்களுக்கு அன்பின் மொழி. தட்டைத் தள்ளிவைப்பது அந்த அன்பை நிராகரிப்பதாகப் படுகிறது.

என் அண்ணர் நீரிழிவினால் வலது காலின் இரு விரல்களை இழந்தவர். அவருடைய கோப்பையிலும் சர்க்கரைப் பொங்கலை வைத்து, “நல்ல நாளும் பெருநாளுமா ஒரு வாய் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது” என்று வற்புறுத்துகிறார்கள். அவ்வாறு சொல்பவர்கள் அவரை உயிராக நேசிப்பவர்கள் என்பதுதான் வேதனை. அவரும் முகம் முறிய மறுக்கத் தெரியாதவர்.

நான் கைக்கொள்பவை சிலவே. விருந்திருக்கிறதென்று காலை உணவைத் தவிர்ப்பதில்லை. பசியோடு போனால் அளவு தெரியாது. போகும் வீடுகளில் சீனியில்லாத தேநீரையே கேட்கிறேன். வீட்டுக்கு ஒரு பலகாரம், அதுவும் அந்த வீட்டிலேயே செய்தது. மதிய விருந்தில் கோப்பையின் பாதியை மரக்கறிகளால் நிரப்பிய பின்னரே சோற்றைப் போடுகிறேன். உண்டதும் சாய்ந்துகொள்ளாமல் கால்மணி நேரம் நடக்கிறேன். உணவுக்குப் பின் குருதியில் ஏறும் சர்க்கரையை அந்நடை தணிக்கும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்ற 95ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் மூலிகை எதுவும் அகப்படாது. முன்னர் உண்டது செரித்ததா என்று அறிந்து, அளவோடு உண்ணுமாறே வள்ளுவர் பெரும்பாலும் வலியுறுத்துகிறார். அவ்வறிவுரை உண்பவருக்கானது. பரிமாறுபவருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒருமுறை கேளுங்கள், போதும் என்றால் நம்புங்கள். விருந்தினர் வயிறு நிறைந்து போவதைக் காட்டிலும், அடுத்த பொங்கலுக்கும் நலமாக நடந்து வருவதே வீட்டாருக்குப் பெருமை.