கண்ணாடிச் சுவரும் பாலக்காட்டுக் காற்றும்

கோயமுத்தூருக்கு இயற்கை அளித்திருக்கும் செல்வங்கள் இரண்டு. ஒன்று சிறுவாணித் தண்ணீர். மற்றொன்று ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று. தண்ணீரைப் பணம் செலவிட்டு வீட்டுக்குள் கொண்டு வருகிறோம். காற்றையோ பணம் செலவிட்டு வெளியே நிறுத்துகிறோம்!

அவிநாசி ரஸ்தாவில் போகும் நேயர்கள், அடி முதல் முடி வரையில் கண்ணாடி போர்த்த கட்டிடங்களைப் பார்த்திருப்பார்கள். அவை பார்வைக்கு அழகானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கலை எந்தத் தேசத்துக்காகப் பிறந்தது? 1851-ஆம் வருஷத்தில் லண்டன் ஹைட் பார்க்கில் எழுந்த ஸ்படிக மாளிகையைத் திட்டமிட்ட ஜோஸப் பாக்ஸ்டன் ஆதியில் ஒரு தோட்டக்காரர். குளிர் தேசத்தில் உஷ்ணப் பிரதேசச் செடிகளை வளர்க்கக் கண்ணாடி வீடுகள் கட்டிப் பழகியவர். சூரிய ஒளி கண்ணாடியை ஊடுருவி உள்ளே வரும். தரையிலும் சாமான்களிலும் பட்டு உஷ்ணமாக மாறிய பிறகு எளிதில் வெளியேறாது. செடிக்கு அது சுகம். சித்திரை மாதத்துக் குமாஸ்தாவுக்கு அதுவே தண்டனை. அவரைக் காப்பாற்றக் குளிர்சாதன யந்திரம் நாள் முழுவதும் ஓட வேண்டியிருக்கிறது.

கண்ணாடியே கூடாது என்பது என் கட்சியல்ல. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் பஞ்சாலை தொடங்கினார். பின்னர் ஆலைகள் பெருகின. பழைய நூற்பாலைகளின் கூரை ரம்பப் பல்லைப் போல் ஏறி இறங்கும். அந்தப் பற்களின் வடக்குப் புறத்தில் மட்டுமே கண்ணாடி பதிப்பது வழக்கம். நேர்வெயில் அங்கே குறைவு. நூலிழையைப் பார்க்க வேண்டிய வெளிச்சமோ நிறைவு.

என் தமக்கை மகன் வடவள்ளியில் வீடு கட்டுகிறான். திண்ணையை எடுத்துவிட்டு, மேற்கு முகப்பு முழுவதும் திறக்க முடியாத கண்ணாடி வைக்கத் தீர்மானித்திருந்தான்.

"மாமா, இப்போது எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்" என்றான்.

"பிற்பகல் வெயில் எந்தத் திசை?"

"மேற்கு."

"ஆடிக் காற்று?"

"அதுவும் மேற்குத்தான்."

"அப்படியானால் வெயிலை அழைத்து, காற்றைத் துரத்தப் போகிறாய். மாலையில் உன் அம்மாயி எங்கே உட்காருவாள்? தெருவில் போகிறவர்களிடம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தா க்ஷேமம் விசாரிப்பாள்?"

அவன் பதில் சொல்லவில்லை. மறுவாரம் வரைபடம் மாறிற்று. கண்ணாடி வடக்குச் சுவருக்குச் சென்றது. மேற்கே திண்ணையும், திறக்கும் ஜன்னல்களும் வந்தன.

அம்மாவுக்கு இந்த விவாதமெல்லாம் தெரியாது. படத்தைக் காட்டியபோது, திண்ணையை இன்னும் ஒரு ஜாண் அகலமாக்கச் சொன்னாள்.