ஆறு நூல்

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில், மேலே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்று இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் குறைந்த விலைக்கு வாங்கிய பழைய அமெரிக்க வண்டி. எங்கள் திடல் செம்பனைக் காட்டை ஒட்டியது. இரண்டு வாரம் விடாமல் மழை பெய்தால் புல் பிள்ளைகளின் முழங்காலைத் தொடும். புல் வளர்ந்தால் பாம்பும் வரும். ஆகவே அந்த வண்டி எங்களுக்கு அலங்காரப் பொருள் அல்ல.

அதை ஓட்டுபவர், தோட்டப் பட்டறையில் நெடுங்காலம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவருடைய பேரன் என் வகுப்பு மாணவன். நான் சொல்ல வந்தது அந்த வண்டியின் கதை. அதோடு, அந்தப் பையனுக்கு நான் பட்ட கடனின் கதை.

2019ஆம் ஆண்டு. நான்காம் வகுப்பில் நீட்டலளவைப் பாடம். “வீட்டில் உள்ள ஐந்து பொருள்களை அளந்து எழுதி வாருங்கள்” என்று சொல்லியிருந்தேன். அந்தப் பையன் ஒரு போல்ட்டை அழகாக வரைந்து, பக்கத்தில் ‘தடிமன் 4 நூல்’ என்று எழுதியிருந்தான்.

“நூல் துணி தைக்கத்தான் உதவும், தம்பி, இரும்பை அளக்க அல்ல” என்று வகுப்பே கேட்கும்படி சொல்லிச் சிவப்புக் கோடு போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“தாத்தா அப்படித்தான் சார் சொன்னாரு” என்றான்.

“தாத்தா பரீட்சை எழுத வரப்போவதில்லை” என்றேன்.

அதற்குப் பிறகு அவன் கணக்குப் பாடத்தில் கை தூக்குவதை நிறுத்திவிட்டான். நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

சில வாரங்கள் கழித்து, வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் குடிகாரன் கால்போல் ஆடத் தொடங்கின. பட்டணத்துக் கடைக்காரர், அச்சு, சக்கரம் எல்லாவற்றையும் மாற்ற 450 வெள்ளி கேட்டார். சங்கத்தின் பொருளாளர் நான். கையிருப்பில் அதில் பாதிகூட இல்லை.

பெரியவர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “புஷ்தான் சார் தேஞ்சிருக்கு. அதை மட்டும் மாத்தினாப் போதும். நாள் கடத்தினா அச்சையும் தின்னுடும். பேரிங்கே போட்டுடலாம், ரொம்ப நாளைக்கு வரும்” என்றார்.

புஷ் என்பது சக்கரத்தின் குடத்துக்குள் இருக்கும் ஒரு சிறு குழல். எங்கள் வண்டியில் அது பிளாஸ்டிக்கால் ஆனது. அச்சு அதற்குள் உரசிக்கொண்டே இருக்கும். கிரீஸோடு மணல் கலந்துவிட்டால், அந்தக் கலவை அரம்போல் அராவும். வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். பேரிங்கிலோ உரசல் குறைவு. நடுவில் உள்ள எஃகுக் குண்டுகள் உருண்டு பாரத்தைத் தாங்கும்.

படித்தவன் அல்லவா நான்! பள்ளி அளவுகோலை அச்சின்மேல் வைத்துப் பார்த்தேன். 20 மில்லிமீட்டர் என்று முடிவு கட்டினேன். பட்டணத்தில் பேரிங் கடைக்காரர் 6204 என்ற எண்ணை எடுத்துக் காட்டினார். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு வரும் என்றார். நாலைந்து இருபது! கணக்கு ஒத்துப்போன மகிழ்ச்சியில் நான்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பெரியவர் ஒன்றைக் கையில் வாங்கினார். அச்சில் மாட்டவே இல்லை. “சேராது சார்” என்றார்.

மாட்டிப் பார்த்தேன். அச்சில் லொடலொடவென்று ஆடியது. வெளிவட்டமோ 47 மில்லிமீட்டர். குடத்துக்குள் நுழையவே இல்லை. குடத்தை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் புஷ்ஷைக் கழற்றிக் குடத்தைத் துடைத்து, கட்டைவிரலால் தடவினார். “அச்சு ஆறு நூல். குடம் ஒரு அங்குலம் மூணு நூல்.”

எனக்குச் சுருக்கென்றது. “நூல் என்றால் என்னங்க ஐயா?”

“ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் சார். அந்தக் காலத்துப் பட்டறையிலே எல்லாருக்கும் தெரியும்.”

மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எட்டால் வகுத்தால் ஒரு நூல் 3.175. ஆறு நூல் 19.05. அமெரிக்க வண்டி அங்குலக் கணக்கில் செய்யப்பட்டது. என் அளவுகோல் தவறவிட்ட ஒரு மில்லிமீட்டரை அவருடைய விரல் பிடித்துவிட்டது.

மறுநாள் கடைக்காரரிடம் முக்கால் அங்குலத் துளை, ஒன்றேமுக்காலரைக்கால் அல்ல, ஒரு அங்குலமும் மூன்று நூலும் வெளிவட்டம் என்று தெளிவாகச் சொன்னேன். புல்வெட்டிச் சக்கரத்துக்கென்றே விளிம்பு வைத்த பேரிங் உண்டென்று, வரவழைத்துத் தந்தார். நான்குக்கும் சேர்த்து 60 வெள்ளி. பழையதைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வேலை தொடங்கியது. பேரனும் வந்திருந்தான். முதலில் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றினார். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டையில் நிறுத்தினார். மாட்டு வண்டிக்குக் கடையாணி போல் சக்கரத்தைப் பிடித்திருக்கும் வளையத்தை எடுத்ததும் சக்கரம் கையோடு வந்தது. புதிய பேரிங்கை நான் சுத்தியலால் அடிக்கப் போனேன். பையன் என் கையைப் பிடித்துவிட்டான்.

“உள்வளையத்திலே அடிக்கக் கூடாது சார், குண்டு கெட்டுடும்.”

வெளிவளையத்தின்மேல் ஒரு பழைய குழாய்த் துண்டை வைத்து, மெல்லத் தட்டி இறக்கினார்கள். “இது மூடின பேரிங். இனிமே இந்த நிப்பிள்ளே கிரீஸை அழுத்தி அடிக்காதீங்க, ரப்பர் மூடி பிதுங்கிடும்” என்றார் பெரியவர். பகலுக்குள் வேலை முடிந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டோம், சத்தமில்லாமல் சுழன்றுகொண்டே இருந்தது.

எனக்குத்தான் மனம் நிற்கவில்லை. சொன்னது வகுப்பு கேட்க. திருத்துவதும் வகுப்பு கேட்கத்தானே நியாயம்?

திங்கட்கிழமை, மேசைமேல் கோலிக்குண்டுகளைப் பரப்பி, ஒரு தடித்த புத்தகத்தை அதன்மேல் வைத்துத் தள்ளச் சொன்னேன். பிறகு வெறும் மேசையில் தள்ளச் சொன்னேன். புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்குப் புரிந்தது. அதன்பின் கரும்பலகையில் ‘8 நூல் = 1 அங்குலம்’ என்று எழுதி, “இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாமல் உங்கள் நண்பனைப் பார்த்துச் சிரித்தேன். தவறு என்னுடையது” என்றேன். அவன் நோட்டை வாங்கி, என் சிவப்புக் கோட்டின் பக்கத்தில் ‘4 நூல் = 12.7 மி.மீ., சரி’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பரீட்சையில் மில்லிமீட்டரில்தான் எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

அன்று அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் மறுபடி கை தூக்க மூன்று வாரம் ஆயிற்று. வண்டிச் சக்கரத்தைச் சரிசெய்ய ஒரு பகல் போதும். பிள்ளையின் மனம் அப்படி அல்ல.

பெற்றோரே, உங்கள் பட்டறையிலும் காட்டிலும் அடுப்படியிலும் புழங்கும் அளவுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவற்றைச் சிவப்புப் பேனாவால் அடிக்கும் முன் இரண்டு தடவை கேட்க நான் பழகிக்கொண்டேன்.