பட்டாணி அளவு

மார்ச் 18
அண்ணன் மகள் கையில் ஒரு ட்யூப். பக்கத்துத் தெருப் பெண் "நல்லா வெளுக்குதுடி" என்று கொடுத்ததாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. பூசுகிறவரை முகம் பளபளக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும், பருவும் கூடும். ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-இலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. யார் கேட்கிறார்கள்? ட்யூபைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 21
அவளைக் கூட்டிக்கொண்டு கிருமாம்பாக்கம் போய்ப் பாண்டி பஸ் பிடித்து, கோரிமேடு ஜிப்மர். அவள் முகப் பருவுக்கு டாக்டரம்மா அடபலீன் 0.1 சதவீத ஜெல் எழுதினார். "மூணு மாசம் பொறுக்கணும். முதல்ல கொஞ்சம் அதிகமாகும், பயந்து நிறுத்திடாதீங்க." பரு கண்ணுக்குத் தெரியுமுன்பே மயிர்க்கால் துளையில் செத்த தோல் சேர்ந்து அடைத்துக்கொள்கிறதாம். அடபலீன் போன்ற ரெட்டினாய்டு அந்த அடைப்பு விழாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் பரு மேல் மட்டும் வைத்தால் போதாது. ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க, ராத்திரியில்.

ஏப்ரல் 7
மூக்கோரம் உப்புப் பூத்ததுபோல் தோல் உரிகிறது. தாடையில் புதுப் பருக்கள். "காசு குடுத்து மூஞ்சியைக் கெடுத்துக்கிட்டா" என்று அண்ணன் கத்தினார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்து, மாய்ஸ்சரைசர் தடவி, அதன்மேல் ஜெல். எரிச்சல் அடங்கியது.

மே 4
அந்த ட்யூபில் இருந்த ட்ரெட்டினாயினும் ரெட்டினாய்டுதான். அதைப் பருவுக்கு மருந்தாக்கியவர் பிலடெல்பியாவின் ஆல்பர்ட் கிளிக்மன். 1971-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் சோதித்துப் பார்த்த ஆள். 1975-இல் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து தோலின் கருமையைக் குறைக்க ஒரு கூட்டும் சொன்னார். மங்குக்குக் கொஞ்ச நாள் பூச வேண்டிய அந்த வகைக் கலவைதான் நம்மூரில் சிவப்பழகு க்ரீமாகிவிட்டது. எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் பாதி, கடைக்காரர்மேல் பாதி.

ஜூன் 16
மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. மீன் விற்க அம்மாவோடு போகும்போது அண்ணன் மகள் வெயிலுக்குக் குடை பிடிக்கிறாள். கேலி செய்கிறார்கள், அவள் விடுவதில்லை. புதுப் பரு அரிது. பழைய கறை மட்டும் இருக்கிறது. அது மெல்லத்தான் போகும்.

அந்தப் பக்கத்துத் தெருப் பெண் இப்போது இந்த ஜெல்லைக் கேட்கிறாள். மணமாகி ஆறு மாதம், குழந்தைக்குக் காத்திருக்கிறாள். "உனக்கு இது ஆகாது. பிள்ளைக்குப் பாக்கிறேன்னு ஓ.பி.யில சொல்லு, அசெலாயிக் அமிலம் மாதிரி வேற எழுதுவாங்க" என்றேன். வியாழக்கிழமை நானே கூட்டிப் போகிறேன்.