நசாவு துறைமுகமும் ஓர் எச்சரிக்கைக் கடிதமும்

2024ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி, பஹாமாஸ் தலைநகர் நசாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. ஆண்டு பிறந்ததிலிருந்து நசாவில் 18 கொலைகள் நிகழ்ந்துள்ளன. பட்டப்பகலிலும் அவை நடந்துள்ளன. குழுக்களுக்கிடையிலான பழிவாங்கலே பிரதான காரணம் என்பதே அதன் சாரம். சில வரிகள்தாம். ஆயினும், ஓரிரு நாட்களுக்குள் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் அது பெருஞ்செய்தியாயிற்று. பெப்ரவரி நடுப்பகுதியில் மியாமியிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலொன்றில் எங்கள் குடும்பத்தினர் ஒன்பது பேருக்கு இடம் பதிவாகியிருந்தது. அக்கப்பல் தரிக்கும் முதலாவது துறைமுகம் நசாவு.

ரொறன்ரோவில் வாழும் என் அக்காவுக்கும் அத்தானுக்கும் திருமணமாகி நாற்பதாண்டு நிறைவு. பிள்ளைகள் பணம் சேர்த்துச் செய்த ஏற்பாடு அது. கொழும்பிலிருந்து நானும் போய்ச் சேருவதாக இருந்தது. செய்தி வெளியான இரவே மருமகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, நீங்கள் பேப்பர்காரர். சொல்லுங்கோ, போகலாமோ விடலாமோ?"

எச்சரிக்கைகளை வாசிப்பது எனக்குப் புதிய தொழிலன்று. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு கோட்டையில் மத்திய வங்கி தகர்க்கப்பட்டபோது நான் இளம் நிருபன். அதன் பின்னர் எத்தனை தூதரகங்கள் எத்தனை அறிவித்தல்களை விடுத்தன என்பதற்கு என் பழைய குறிப்புப் புத்தகங்கள் சாட்சி. எனவே மருமகளுக்கு உடனே பதில் கூறாமல், அவ்வறிவித்தலை நாலைந்து தடவை வாசித்தேன்.

எங்கே, யாருக்கு, எப்போது என்ற மூன்று வினாக்களை எந்தக் குற்றச்செய்தியிடமும் கேட்கவேண்டும் என்பது ஆசிரியபீடத்தில் எனக்கு வாய்த்த முதற்பாடம். நசாவில் கொலையுண்டோரில் மிகப் பெரும்பாலோர் அவ்வூர்வாசிகள். தூதரகம் குறிப்பாகச் சுட்டும் பகுதி, ஷேர்லி வீதிக்குத் தெற்கே குன்றுக்கு அப்பாலுள்ள 'ஓவர் த ஹில்' எனப்படும் குடியிருப்புகள். கப்பற்பயணிகள் உலவும் பே வீதி குன்றுக்கு இப்பால் கடலை அண்டிக் கிடக்கிறது. ஏறத்தாழ 4 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் 2023இல் மாத்திரம் 110 கொலைகள். சிறிய நாட்டுக்கு இது பெருந்தொகை. அதே ஆண்டு அங்கு வந்திறங்கிய வெளிநாட்டவரோ 96 இலட்சத்துக்கும் அதிகம். அவர்களிற் பெரும்பாலானோர் கப்பலில் வந்தவர்கள். இவ்விரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வீட்டில் முடங்குவதற்கான காரணம் அகப்படாது.

ஆனால், இத்துடன் நிறுத்திக்கொள்வோமாயின் அது அரைச் செய்தியாகிவிடும். கப்பற்பயணிகள் கரையில் தாக்கப்பட்ட சம்பவங்கள் கற்பனையல்ல. 2009 நவம்பரில் இதே நசாவில், இருசக்கர மின்வண்டிகளில் இயற்கைப் பூங்காவொன்றைச் சுற்றிப் பார்க்கச் சென்ற 18 பயணிகளைத் துப்பாக்கி முனையில் கொள்ளையிட்டார்கள். 2010 நவம்பரில் செயின்ட் கிட்ஸ் தீவில், பிறிம்ஸ்டன் ஹில் கோட்டைக்குச் சென்ற பேருந்தை மறித்து 17 பேரிடம் பறித்தார்கள். 2012 பெப்ரவரியில் மெக்சிக்கோவின் புவெர்ட்டோ வல்லார்ட்டாவில், காட்டுப்பாதை பார்க்கச் சென்று திரும்பிய 22 பேருக்கு அதே கதி. இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. எதுவும் துறைமுக வாயிலில் நடக்கவில்லை. நகரிலிருந்து விலகிய, ஆள் நடமாட்டம் குறைந்த வழியில், கூட்டமாகச் சென்றோருக்கே நடந்தன. 'கூட்டத்தோடு போனால் பயமில்லை' என்று நம்மவர் சொல்வதை இவை பொய்யாக்குகின்றன. இருபது கைக்கடிகாரங்களும் இருபது கமராக்களும் ஒரே வண்டியில் வருமென்று தெரிந்தவனுக்கு அக்கூட்டமே இலக்கு.

இவற்றிற் கொடியது 2010 ஜூலையில் செயின்ட் தோமஸ் தீவின் கோக்கி கடற்கரை அருகே நடந்தது. குடும்பத்தோடு கப்பலில் வந்திறங்கிய பதின்ம வயதுச் சிறுமி ஒருத்தி, குழுக்களின் துப்பாக்கிச் சண்டைக்கு இடையில் வண்டியில் அகப்பட்டு உயிரிழந்தாள். கப்பல் ஊழியர் ஒருவரே அக்கடற்கரையைத் தமக்குப் பரிந்துரைத்தார் என்று குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். கீழ்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2012இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, வழக்குத் தொடரலாம் என்றது. பயணிகள் செல்லக்கூடுமென எதிர்பார்க்கத்தக்க கரைப்பகுதிகளில், தான் அறிந்த அல்லது அறிந்திருக்கவேண்டிய ஆபத்தைப் பற்றி எச்சரிக்கும் கடமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு என்பதே அதன் அடிப்படை. இக்கோட்பாடு புளோரிடா மாநில நீதிமன்றமொன்றில் 1985இலேயே வகுக்கப்பட்டது. அவ்வழக்கும் நசாவின் ஒதுக்குப்புறக் கடற்கரையொன்றில் பயணிகள் தாக்கப்பட்டதிலிருந்து எழுந்ததே என்பது குறிப்பிடத்தக்கது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். கப்பலேறிய முதல் மாலை எங்கள் அறைக் கட்டிலில் ஒரு தாள் கிடந்தது. நசாவில் நகையணியவேண்டாம், தனித்துத் திரியவேண்டாம், நிறுவனம் விற்கும் கரைச்சுற்றுலாக்களிலேயே செல்வது நல்லது என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. அதே பயணச்சீட்டின் சிறிய எழுத்துக்களிலோ, கரைச்சுற்றுலாவை நடத்துவோர் சுயாதீன ஒப்பந்தகாரர், அவர்தம் செயலுக்கு நிறுவனம் பொறுப்பன்று என்றிருந்தது. எச்சரிக்கும் கடமை ஒரு தாளோடு நிறைவேறிவிடுகிறது. எந்தத் தெரு, எந்த நேரம், யாரை நம்பலாம் என்ற விபரங்கள் எதுவும் இல்லை. அத்தாள் எங்களைக் காப்பதற்காக எழுதப்பட்டதா, எழுதியோரைக் காப்பதற்காக எழுதப்பட்டதா என்று அத்தான் கேட்டார். சட்டத்தரணியின் மகனல்லவா!

இன்னொன்றையும் நாம் விளங்கிக்கொள்ளவேண்டும். அமெரிக்கா 2010இல் உல்லாசக் கப்பல்களின் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அறைக்கதவில் வெளியே பார்க்கும் துளை, 42 அங்குலத்துக்குக் குறையாத கைப்பிடிவேலி, கப்பலில் நிகழும் பாரிய குற்றங்களை எஃப்.பி.ஐ.க்கு அறிவித்தல் எனப் பல நல்ல விதிகள் அதிலுண்டு. ஆயினும், வெளிநாட்டுத் தெருவில் பயணியின் கைப்பையை ஒருவன் பறித்தால் அது அந்நாட்டுப் பொலிஸாரின் அலுவல். முறைப்பாடு எழுதப்படுகையிலேயே கப்பலின் நேரம் நெருங்கிவிடும். மாலையில் கப்பல் புறப்படும், முறைப்பாட்டாளரும் புறப்படுவார். ஆறு மாதம் கழித்து அடையாள அணிவகுப்புக்கோ சாட்சியத்துக்கோ அவர் திரும்பி வரப்போவதில்லை. சாட்சியில்லாத வழக்கு என்னவாகும் என்பதை நீதிமன்றச் செய்திகள் எழுதிய எனக்கு எவரும் சொல்லித்தரவேண்டியதில்லை. கரையில் நிற்கும் திருடனுக்கும் அது தெரியும்.

எங்கள் வீட்டுப் பிரச்சினை அக்காவின் தாலிக்கொடியில் வந்து நின்றது. நாற்பதாண்டு நிறைவுக்கென்று பதினொரு பவுண் கொடியை வங்கிப் பெட்டகத்திலிருந்து எடுத்து அணிந்து வந்திருந்தார். அறையிலுள்ள இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு இறங்குமாறு மருமகள் மன்றாடினாள்.

"எண்பத்திமூண்டிலை கொழும்பிலை கழட்டினனான் பிள்ளை. தொண்ணூற்றைஞ்சிலை யாழ்ப்பாணத்தை விட்டு நடக்கேக்கை கழட்டினனான். இனி ஏலாது" என்றார் அக்கா.

அதன்பின் எவரும் வாய் திறக்கவில்லை. முடிவில் கழுத்துவரை மூடிய மேற்சட்டையொன்றை அவர் அணிந்தார். கொடி உள்ளே மறைந்தது. நான் என் கடவுச்சீட்டை அறையில் வைத்துவிட்டு அதன் பிரதியையும், அன்றைக்கு வேண்டிய அளவு டொலரையும் மாத்திரம் எடுத்துக்கொண்டேன். பஹாமாஸ் டொலரும் அமெரிக்க டொலரும் ஒரே பெறுமதி என்பதால் மாற்றவேண்டிய தேவையில்லை. பகல் வெளிச்சத்தில், கால்நடையாகப் போகக்கூடிய இடங்களுக்கே போவதென்றும், கப்பல் புறப்படுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னரே திரும்புவதென்றும் தீர்மானித்தோம். மோட்டார் நீர்வண்டிகளில் ஏறுவதில்லை என்பதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னோம். அவற்றை ஓட்டுவோர் சிலர் பெண்பயணிகளைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியமை பற்றித் தூதரக அறிவுறுத்தல்கள் வெளிப்படையாகவே கூறியிருந்தன.

இளஞ்சிவப்பு நிற அரசாங்கக் கட்டடங்களைப் பார்த்தோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அடிமைகள் சுண்ணக்கல்லைக் குடைந்து வெட்டிய, இராணியின் படிக்கட்டு எனப்படும் அறுபத்தாறு படிகளை அத்தான் மூச்சு வாங்க ஏறினார். பின்னர் பே வீதியிலுள்ள ஓலைச் சந்தைக்குள் நுழைந்தோம். அங்கே அக்காவின் நடை தளர்ந்தது. பனையினத்து ஓலையில் பின்னிய பெட்டிகள், தொப்பிகள், பைகள். எங்களூர்க் கடகத்துக்கும் குட்டானுக்கும் ஒன்றுவிட்ட சகோதரங்கள் போலிருந்தன. பல கடைகளில் தொங்கியவை இறக்குமதிச் சரக்குகள்; ஒரு மூலையில் மாத்திரம் வயதான பெண்மணி ஒருவர் தம் கையாலேயே பின்னிக்கொண்டிருந்தார். அக்கா அருகிலமர்ந்து ஓலையைத் தொட்டுப் பார்த்தார். மொழி பெரிதாகத் தேவைப்படவில்லை.

நான் பத்திரிகையாளன் என்றறிந்ததும் அப்பெண்மணி என் பக்கம் திரும்பினார். கப்பலில் எங்களுக்குத் தாள் கொடுத்தார்களா என்று கேட்டார். கொடுத்தார்கள் என்றேன். "அதில் போகவேண்டாம் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் என் வீடு இருக்கிறது. மாலையில் நீங்கள் கப்பலுக்குப் போவீர்கள். நான் அங்கே போவேன். எனக்கு எவரும் தாள் கொடுப்பதில்லை" என்றார். குற்றஞ்சாட்டும் குரலன்று அது. பின்னுவதையும் அவர் நிறுத்தவில்லை.

கப்பற்பயணிகளின் பாதுகாப்பு என்று நாம் பேசும்போதெல்லாம் வெளியே நிற்கும் மனிதர் அவர். குற்றம் பெருகிய துறைமுகத்தில் முதலிற் சாவதும் அவர்தம் பிள்ளைகள். கப்பல் வராது போனால் முதலிற் பட்டினி கிடப்பதும் அவர்களே. 2011இல் மெக்சிக்கோவின் மசாட்லான் துறைமுகத்தைப் பெரிய நிறுவனங்கள் கைவிட்டன. 2013 இறுதியில்தான் கப்பல்கள் மீளத் தொடங்கின. இடையில் சாரதிகளும் வழிகாட்டிகளும் சிறு வியாபாரிகளும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கொழும்புக்காரர் எவரும் ஊகிக்கலாம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர் காலிமுகத்திடலில் வெறுமனே நின்ற ஓட்டோக்களை நான் எண்ணியிருக்கிறேன். அச்சாரதிகளில் எவரும் குண்டு வைத்தவரல்லர்.

இதற்காகப் பயணிகள் உயிரைப் பணயம் வைக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. 2015 மார்ச் 18ஆம் திகதி டியூனிஸ் நகரின் பார்டோ அருங்காட்சியகத்தில் கொல்லப்பட்டோரில் பலர் அன்று காலை கப்பலிலிருந்து இறங்கியவர்கள். அதன் பின்னர் அத்துறைமுகத்தைக் கப்பல்கள் தவிர்த்தமைக்கு எவரும் குறை கூறவியலாது. ஹெயிட்டியில் லபாடி என்னும் வேலியிட்ட கடற்கரைக்கான கப்பல்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, ஒக்டோபரில் தொடங்கி, 2025 ஏப்ரலில் மீண்டும் நிறுத்தப்பட்டன. அந்நாட்டு நிலைமை அப்படி. ஆனால், நிறுவனங்கள் பல இன்று கண்டிருக்கும் தீர்வு வேறு. பஹாமாஸின் சிறுதீவுகளைத் தமதாக்கி, அங்கே நீச்சற் குளமும் உணவகமும் கட்டிப் பயணிகளை இறக்குகிறார்கள். திருடனும் இல்லை, ஓலை பின்னும் கிழவியும் இல்லை. அடுத்த நாள் எங்கள் கப்பலும் அப்படியொரு தீவில் நின்றது. மணலும் நீரும் மிக அழகு. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். எந்த நாட்டில் நிற்கிறோம் என்று மாத்திரம் அங்கே எதுவும் எமக்குச் சொல்லவில்லை.

புலம்பெயர்ந்த நம்மவரிற் பலர் இன்று ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் குடும்பமாகக் கப்பலேறுகிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள். எச்சரிக்கையை முழுதாக வாசியுங்கள், தலைப்போடு நிற்கவேண்டாம். உங்கள் அரசின் பயண அறிவுறுத்தலில் பகுதியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கரைச்சுற்றுலா வாங்குமுன், வண்டி எந்த வழியாற் செல்லும், உரிமம் பெற்ற சாரதியா என்று கேளுங்கள். பொன்னைக் காட்டாதீர்கள். ஏதும் நேர்ந்தால் பொருளைக் கொடுத்துவிட்டு உயிரோடு திரும்புங்கள். கப்பல் புறப்படுமுன் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைப் பெற்று, உங்கள் தூதரகத்துக்கும் அறிவியுங்கள். இறங்க மனமில்லையாயின் கப்பலில் தங்குவதிலும் வெட்கமில்லை. இறங்கினால் அவ்வூர்க்காரரின் கையிலிருந்து ஏதேனும் ஒன்றை வாங்குங்கள்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று எங்கள் காங்கேசன்துறையிலும் வந்து நின்றது. போர்க்காலத்தில் எச்சரிக்கைத் தாள்களின் மறுபக்கத்தில் இருந்தவர்கள் நாங்கள். நாளை ஏதோவொரு தூதரகம் எங்கள் கரையைப் பற்றியும் சில வரிகள் எழுதக்கூடும். எழுதுவோர் எங்கே, யாருக்கு, எப்போது என்பதைத் தெளிவாக எழுதட்டும். அத்தோடு, அத்தெருவில் வாழ்வோருக்கும் அதே எச்சரிக்கையையும் அதே காவலையும் கொடுப்பது யார் பொறுப்பு என்று நம் அரசுகளை நாம் கேட்டுக்கொண்டிருப்போம். ஊர்க்காரர் அஞ்சாமல் நடமாடும் துறைமுகத்தில் பயணிக்குத் தனிக்காவல் தேவைப்படாது.