யாருக்குப் பக்கத்தில்?

காய்ச்சல் என்றதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது பாராசிட்டமாலைத்தான். அந்தப் பெயரின் தலையில் இருப்பது ‘பாரா’ என்ற கிரேக்க முன்னொட்டு. பக்கத்தில், அருகில் என்பது அதன் முதற்பொருள். பள்ளியில் வரைந்த பென்சீன் வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் ஹைட்ராக்சில் தொகுதி. அதற்கு நேர் எதிர் மூலையில் நைட்ரஜன் தொகுதி. இந்த எதிரெதிர் நிலைக்குத்தான் வேதியியலில் ‘பாரா’ என்று பெயர். பக்கத்தில் இருப்பதைக் குறிக்கும் சொல்லை எதிர்மூலைக்கு வைத்தது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

பத்திரிகை அலுவலகங்களில் “கடைசி பாராவை எடுத்துடுங்க” என்பார்கள். பண்டைக் கிரேக்கச் சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. எழுத்துகள் ஒரே ஓட்டமாக ஓடும். நாடகத்தில் ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்கும் இடத்தில், வரியின் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு கிடைக்கோடு இழுப்பார்கள். அதற்குப் பெயர் பாராகிராஃபோஸ், பக்கத்தில் எழுதியது. அந்த ஓரக்கோடுதான் பாராகிராஃப் ஆனது. நாமோ ‘எழுதியது’ என்ற பகுதியை உதறிவிட்டு, ‘பக்கத்தில்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பத்தி பத்தியாக எழுதுகிறோம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது பாராசைட். ‘சிட்டோஸ்’ என்றால் தானியம், உணவு. உணவருகே இருப்பவர் பாராசிட்டோஸ். ஏதென்ஸில் அது கோயிலுக்குரிய தானியத்தோடும் விருந்தோடும் தொடர்புடைய, மதிப்பான பொறுப்பாக இருந்தது. பிறகு நகைச்சுவை நாடகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன: பணக்காரரைப் புகழ்ந்து ஓசிச் சாப்பாடு சாப்பிடுபவர் பாராசிட்டோஸ் ஆனார். அதற்கும் பின்னால்தான் அறிவியல் அந்தப் பெயரைச் செடிக்கும் புழுவுக்கும் கொடுத்தது. தமிழில் ஒட்டுண்ணி என்கிறோம். அதிலும் உண்பது இருக்கிறது, கோயில் விருந்துதான் இல்லை.

வடமொழியின் ‘பர’வும் கிரேக்க ‘பாரா’வும் ஒரே தொல்வேரின் கிளைகள் என்பார்கள் மொழியியலார். பரதேசி என்றால் வேற்று நாட்டவர், அவ்வளவுதான். தமிழில் அந்தச் சொல் பிச்சைக்காரருக்குப் போய், வசவாகவும் இறங்கிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரையும் வெளியிலிருந்து வந்தவரையும் ஊர் இப்படித்தான் நடத்தியிருக்கிறது. பாராசூட்டின் ‘பாரா’ மட்டும் இந்தக் குடும்பம் அல்ல. தடுப்பது என்ற பொருளில் லத்தீன் வழி வந்தது அது.

இறங்கிய சொற்களுக்கு நடுவே ஏறிய சொல்லும் ஒன்று உண்டு. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்ட படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து அங்கே வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாராலிம்பிக். முதலில் அந்தப் பெயரில் கேட்டது ‘பாராப்ளீஜியா’, அதாவது இரு கால்களும் செயலிழந்த நிலை. இன்று அதற்குச் சொல்லும் விளக்கம் வேறு: ஒலிம்பிக்குக்கு இணையாக நடப்பது.

பேரலல் என்ற சொல்லிலும் அதே ‘பாரா’ இருக்கிறது. ‘ஒன்றுக்கொன்று பக்கத்தில்’ என்பது அதன் பொருள். இரண்டு இணைகோடுகளில் எது முதன்மை, எது துணை என்று கேட்க முடியாது. 1988இல் சியோல் நகரம் ஒலிம்பிக் நடந்த அதே அரங்குகளைப் பாராலிம்பிக்குக்கும் திறந்தது. 2016இல் ரியோவில், சிறுவயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கிய சேலத்து மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோது, அவர் யாருக்கும் ஓரத்தில் நிற்கவில்லை.