அப்பாவின் பறையும் 127-ஆம் எண்ணும்

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நட்பைப் பற்றியும் அன்னையைப் பற்றியும் நிறைய பேர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டதாக மலர்க் குழு நண்பர்கள் சொன்னார்கள். எனக்குக் கவிதையும் வராது. தெரிந்தது இரண்டு விஷயம்தான். ஒன்று நம்ம டிபார்ட்மெண்ட் பாடம், இன்னொன்று எங்க அப்பா அடிக்கிற பறை. இந்த வருடம் இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன.

சென்னையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தார் நம் ஊர்த் தோல் கருவிகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் 'விர்ச்சுவல்' வாத்தியம் ஒன்றைத் தயாரித்து வருகிறார்கள். அடுத்த வருடம் வெளிவருமாம். கீ-போர்டில் விரலை வைத்தால் பறை ஒலிக்கும். ஆனால் முதலில் யாராவது நிஜப் பறையை அடித்தாக வேண்டும் அல்லவா? திருவிழாவில் எங்கள் அப்பாவின் குழு அடித்ததைச் செல்போனில் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கூடவே ஒரு ஒப்பந்தம், நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கிற முதல் ஆள் நான்தான். அப்பா அதை என் கையில் கொடுத்து, "படிச்சுச் சொல்லு தம்பி" என்றார்.

முதலில் அந்த வேலை எப்படி நடக்கும் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. மிடி என்ற முறை 1983-இல் வந்தது. அதில் ஒரு அடியின் வேகத்தை 7 பிட்டில் எழுதுகிறார்கள். 2-இன் 7-ஆம் அடுக்கு 128. பூஜ்யம் என்றால் சத்தத்தை நிறுத்து என்று அர்த்தம். ஆக, மெல்லத் தொடுவது 1, முழு பலத்தோடு அடிப்பது 127. இதற்குத் தகுந்தபடி மெதுவாக, கொஞ்சம் பலமாக, இன்னும் பலமாக என்று தனித்தனியாக அடிக்கச் சொல்லிப் பதிவு செய்வார்கள். அதிலும் ஒரே பலத்தில் பல தடவை அடிக்க வேண்டும். பதிவான ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் டைப்ரைட்டர் தட்டுவது மாதிரி கேட்கும், காது உடனே கண்டுபிடித்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து விதமான பலம், ஒவ்வொன்றிலும் எட்டு தடவை, அடிக்குச்சி, சிம்புக்குச்சி என இரண்டு குச்சி. மொத்தம் 160 அடி. ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட், ஒரு அடி இரண்டு நொடி என்றால் ஒரே மைக்கில் 28 எம்.பி. சொச்சம். என் செல்போனில் கிடக்கும் ஒரு சின்ன வீடியோ அளவுகூட இல்லை!

"நூத்தி அறுபது அடிதானா? அதுக்கப்புறம் நான் வேணாமா?" என்றார் அப்பா. அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இது புதுசாக வந்த சங்கதி அல்ல. 1980-இல் அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர் எல்.எம்-1 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். நிஜமான டிரம்ஸ் ஒலியைச் சில்லில் பதித்து வைத்த முதல் டிரம் மெஷின் அது. விலை ஏறத்தாழ 5,000 டாலர். மெமரி அப்போது அவ்வளவு விலை என்பதால், நீண்டு ஒலிக்கும் கிராஷ் தாளத்தை அதில் சேர்க்கவே இல்லை. இன்றைக்கு மெமரி கொசுறு மாதிரி ஆகிவிட்டது. விலை குறையாதது அடிக்கிற கைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்... கிரிகரி கோல்மன் கதையைப் படிக்கும் வரை.

அவர் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழுவின் டிரம்மர். 1969-இல் வந்த அவர்களது ஒரு பாட்டின் நடுவே சுமார் ஆறு நொடி அவர் மட்டும் தனியாக வாசிப்பார். பிற்பாடு அந்த ஆறு நொடியை வெட்டி எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகளில் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கு ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. 2006-இல், வீடுகூட இல்லாத நிலையில் இறந்துபோனார். இதை அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

நம் நாட்டுச் சட்டத்தையும் பஸ்ஸில் வரும்போது செல்போனில் படித்தேன். பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினுடையது. 1994 திருத்தத்தில்தான் நிகழ்த்துகிறவருக்கு என்று ஒரு உரிமை சேர்ந்தது. யார் யாரெல்லாம் என்ற பட்டியலில் நடிகர், பாடகர், இசைக் கலைஞரோடு பாம்பாட்டியும் இருக்கிறார்! அந்த உரிமைக்கு இப்போது 50 வருட ஆயுள். 2012 திருத்தம், வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறவும் வழி செய்திருக்கிறது. ஆனால் ஒத்தை அடி ஒரு 'நிகழ்ச்சி' ஆகுமா? பாட்டு என்றால் சரி, தாளம் என்றாலும் சரி, ஒரே ஒரு 'டம்' யாருடையது? ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம் அந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. ஒரு நாள் கூலி, எல்லா உரிமையும் அவர்களுக்கு, உலகம் முழுக்க, என்றென்றைக்கும்.

கூலி ஒன்றும் குறைவில்லை. சாவு வீட்டில் விடிய விடிய அடித்து ஐந்து பேர் பங்கு போட்டால் அப்பா கைக்கு வருவதைப் போல ஏழு மடங்கு. என் கடைசி செமஸ்டர் பீஸ் கட்டலாம். அம்மா, "வர்ற காசை ஏன்டா யோசிக்கிற?" என்கிறார். அதுவும் நியாயம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா என்னைப் பறையைத் தொட விட்டதில்லை. "இது என்னோட போகட்டும், நீ படி" என்பார். அவரைத் தெருமுனையிலேயே நிற்க வைத்துக் கூலி கொடுத்த வீடுகளைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே சத்தத்தை ஏ.சி. அறையில், விலையுயர்ந்த மைக் வைத்து, அடி அடியாகப் பொறுக்கி எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்றபோது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறேன். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பது ஒன்று. வாத்தியத்தோடு அப்பாவின் பெயரையும் போட வேண்டும் என்பது இன்னொன்று. என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் ஆங்கிலக் கடிதம் அதுதான். நம் ஆங்கில ஆசிரியர் ஒரு தடவை திருத்திக் கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை.

அப்பாவின் கவலையோ வேறு. பறையை நெருப்பில் காய்ச்சினால்தான் தோல் இறுகி முறுக்கேறும். ஆற ஆறச் சுருதி இறங்கிவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். 160 அடியும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும் என்றால் எத்தனை தடவை காய்ச்சுவது? நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்: "அந்த ஏ.சி. ரூம்ல வைக்கோல் கொளுத்த விடுவாங்களா? அதையும் சேர்த்து எழுதிடு."

எழுதிவிட்டேன்.