ஐயம் தெளியும் முன்

லண்டன் குளிர்காலத்தில் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வெளியிலிருந்து பேருந்துக்குள் ஏறியதும் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். எனக்கோ பவர் மைனஸ் 6. போட்டிருந்தாலும் தெரியாது, கழற்றினாலும் தெரியாது.

ஒரு மாலை, கழற்றிய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே வாட்டர்லூ பாலத்தைக் கடந்தேன். தேம்ஸ் கரை விளக்குகள் ஒவ்வொன்றும் தேர்ச்சக்கரம்போல் விரிந்து நின்றன. இறங்கிய இடத்தில் கூறைப்புடவை கட்டிய ஒருத்தி தனியே நின்றிருந்தாள். இந்தக் குளிரில் ஒரு கோட்டுகூட இல்லாமல் யாருக்காகக் காத்திருக்கிறாள்? மனம் பதைத்தது. கிட்டப் போனால், சிவப்புத் தபால் பெட்டி!

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பத்தடிக்குள் அவளுக்கு ஒரு ஊரும், சொன்ன நேரத்துக்கு வராத ஒருவனும் கிடைத்துவிட்டிருந்தார்கள். கண் நன்றாகத் தெரிந்திருந்தால் தபால் பெட்டி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நான் கடந்த வாட்டர்லூ பாலத்தின் இடத்தில் முன்பு இருந்த பழைய பாலத்தை ஓவியர் குளோத் மோனே பலமுறை வரைந்திருக்கிறார். 1899 முதல் 1901 வரை மூன்று முறை வந்து, சவாய் ஹோட்டல் அறையிலிருந்து வரைந்தார். அவருக்குக் கண்புரை என்று தெரியவந்தது 1912இல்தான். ஆக, லண்டனில் திரை போட்டது கண் அல்ல. நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி. அது நொடிக்கு நொடி நிறம் மாற, அவர் ஒரு கான்வாஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். பல ஓவியங்களை ஊர் திரும்பிய பிறகே முடித்தார். பாதி கண்டது, மீதி நினைவு.

புகையைப் புகழ்ந்துவிடவும் கூடாது. 1952 டிசம்பரில் அத்தகைய மூட்டமே ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதுபோல, கண் கெட்டால் கவி வரும் என்பதும் என் கட்சி அல்ல.

இப்படிக் கண்டு, மயங்கி, தெளிவதற்கு நம் அகப்பொருள் இலக்கணம் ஒரு வரிசை வைத்திருக்கிறது: காட்சி, ஐயம், துணிவு. தலைவியைக் கண்டதும் தெய்வமகளோ மானிடப் பெண்ணோ என்று தலைவன் மயங்குவது ஐயம். கண் இமைப்பதையும் கால் நிலத்தில் படுவதையும் கண்டு தெளிவது துணிவு. காமத்துப்பாலின் முதற்குறளே ஐயத்தில்தான் தொடங்குகிறது. துணிவு வந்தபின் காதல் வளரலாம். கவிதை முளைப்பது ஐயத்தில்.

எனவே, மங்கலாக ஏதாவது தெரிந்தால் உடனே கண்ணாடியைத் துடைக்காதீர்கள். தெருவைக் கடக்கும்போது மட்டும் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.